வருகைப் பதிவேட்டில் நான் எழுதிய ஊர்

பெங்களூருக்குப் போய்விட்டுத் திரும்புகிற கோலார் தங்கவயல்காரர் அந்த ஊரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை பேசிக் கேட்பது அபூர்வம். அதிலும் என் வயதுக்காரர்கள் வாயைத் திறந்தால் வசைதான். அதற்கு ஒரு வரிசைகூட இருக்கிறது. முதலில் டிராஃபிக், அடுத்து வீட்டு வாடகை, அதற்கடுத்து ஒரு வாய்க்குக் காணாத காபிக்கு அவன் வாங்கிய காசு, கடைசியில் “என்ன இருந்தாலும் நம்ம ஊர்க் காத்து வருமா?” என்று ஒரு முத்தாய்ப்பு. காற்றைப் புகழும்போது சைனைட் மேட்டுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துகொள்வது நல்லது. தங்கத்தைப் பிரித்தெடுத்த பிறகு தலைமுறை தலைமுறையாகக் கொட்டிய கழிவு மண் அங்கே குன்று குன்றாக நிற்கிறது. காற்றடி காலத்தில் அந்தப் பொடி எங்கள் சோற்றில்தான் விழுகிறது.

இந்தக் கச்சேரியில் பல வருடமாக முன்பாட்டு என்னுடையது. 2024 மார்ச்சில் ஒரு கிரகப்பிரவேசத்துக்காகப் பெங்களூர் போய்ச் சில நாள் தங்கிவிட்டு வந்தேன். வந்ததும், அங்கே பிடித்தது இன்னது, பிடிக்காதது இன்னது என்று ஊரெல்லாம் சொன்னேன். அந்தப் பட்டியலில் பாதி பொய். மீதிப் பாதி உண்மைதான், ஆனால் நான் சொன்ன காரணம் பொய். சும்மா வாய்ப்பந்தல் போட்டதோடு போயிருந்தால் எழுத வேண்டிய அவசியமே இல்லை. அந்தப் பட்டியலைக் காட்டி ஒரு பெண்ணின் வேலையைக் கெடுத்தேன்.

நான் யாரென்று கொஞ்சம் சொல்ல வேண்டும். சுரங்கத்துக்குள் இறங்கிப் பாறை உடைத்தவன் அல்ல. கீழே போனவர் என் நைனா, சாம்பியன் ரீஃபில். உலகத்திலேயே ஆழமான தங்கச் சுரங்கங்களில் ஒன்றாக இருந்தது அது. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போயிருந்தது. நான் மேலே டைம் ஆபீசில் குமாஸ்தா. ஷிஃப்டுக்கு எத்தனை பேர் இறங்கினார்கள், எத்தனை பேர் ஏறினார்கள் என்று ரிஜிஸ்டர் எழுதுகிற வேலை. அழுத்தம் தாங்காமல் பாறை வெடித்துச் சரிவதை எங்கள் ஆட்கள் ஏர் பிளாஸ்ட் என்பார்கள். மேலே வீட்டுச் சுவரெல்லாம் அதிரும், அலமாரியில் பாத்திரம் உருளும், பெண்கள் வாசலுக்கு ஓடிவருவார்கள். அந்த நேரத்தில் எல்லாரும் முதலில் புரட்டுவது எங்கள் ரிஜிஸ்டரைத்தான். உள்ளே மாட்டிக்கொண்டிருப்பது யார் என்று அதுதான் சொல்ல வேண்டும். நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில் பெரிய குமாஸ்தா ஒருவர், சோம்பேறித்தனமாக ஒரு பேரை மாற்றி எழுதிவிட்டதற்காக என் முன்னால் பேனாவைப் பிடுங்கி வைத்தார். “இது கணக்கு இல்லப்பா, ஆளு” என்றார்.

2001 பிப்ரவரி 28ஆம் தேதி பாரத் தங்கச் சுரங்கத்தை இழுத்து மூடினார்கள். ஜான் டெய்லர் கம்பெனி 1880இல் தொடங்கியது. 1956இல் மைசூர் அரசு எடுத்து, பிறகு மத்திய அரசு கைக்குப் போய், 120 வருடத்தில் சுமார் 800 டன் தங்கம் தந்தது என்று கணக்குச் சொல்கிறார்கள். கடைசியில் எஸ்.டி.பி.பி. என்று ஒரு தொகையைக் கையில் கொடுத்து எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அப்போது பெங்களூரில் வேலையில் இருந்த பள்ளித் தோழன் கூப்பிட்டான். “வாடா, என் கம்பெனி ஸ்டோர்ஸில சேத்துவிடறேன். தங்க இடமும் பாத்துடலாம்.” நான் போகவில்லை. பிறந்த மண், சங்கு ஊதிக் கேட்டு வளர்ந்த ஊர் என்றெல்லாம் பேசினேன். சிலர் மெச்சக்கூடச் செய்தார்கள். உண்மை என்னவென்றால் பயம். முப்பத்தைந்து வயதில் இருபது வயதுப் பையனிடம் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ளப் பயம், கன்னடம் தடுமாறும் என்று பயம், ஊரில் பேர் சொல்லிக் கூப்பிடுகிற ஆளாக இருந்துவிட்டு அங்கே போய் யாரோ ஒருவன் ஆகிவிடுவோமே என்று பயம். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு ஜெராக்ஸ் கடை போட்டேன். பயத்துக்கு ஊர்ப்பற்று என்று பேர் வைத்தது அப்போதுதான். அதற்கப்புறம் அந்தப் பேரைக் காப்பாற்ற வேண்டியிருந்தது. பெங்களூரைத் திட்டாமல் எப்படிக் காப்பாற்றுவது?

என்னைப்போல உட்கார்ந்துவிட்டவர்கள் சிலர். போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். விடியற்காலை மாரிக்குப்பத்தில் கிளம்புகிற ரயிலில் ஏறிப் பார்த்தால் தெரியும். சுரங்கத்துக்கு இயந்திரம் கொண்டுவருவதற்காக 1894இல் போட்ட தடம் இது. இப்போது ஆட்களை ஏற்றிக்கொண்டு போகிறது. சாம்பியன், உரிகம், கோரமண்டல் என்று ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஏறுகிறார்கள். கீழே பேப்பரை விரித்துப் படுத்துவிடுகிறார்கள். சீட்டுக்கட்டு ஒரு பக்கம், கண்ணை மூடிக்கொண்டு ஜெபமாலை உருட்டுகிற அம்மா ஒரு பக்கம். மாலூர் தாண்டியதும் யாரும் எழுப்பாமலே எல்லாரும் எழுந்து தலை வாரிக்கொள்கிறார்கள். விடியுமுன் போய் இருட்டியபின் திரும்புகிற எங்கள் சனத்துக்கு, மூடிப்போன ஷாஃப்டில் ஆளை இறக்கி ஏற்றிய கேஜுக்குப் பதிலாகக் கிடைத்தது இந்த ரயில்.

அன்று நானும் அதில்தான் போனேன். தோழன் ஒயிட்ஃபீல்டில் ஒரு அடுக்குமாடியில் புது ஃபிளாட் வாங்கியிருந்தான். கேட்டில் ஒரு கண்ணாடிக் கூண்டு. உள்ளே நீலச் சட்டையும் தொப்பியுமாக ஒரு செக்யூரிட்டிப் பையன். பார்த்த மாத்திரத்தில் தெரிந்துவிட்டது, எங்கள் லைனில், அதாவது சுரங்கத் தொழிலாளர் வரிசை வீடுகளில், எதிர்வரிசையில் வளர்ந்தவன். அவன் தாத்தாவும் என் நைனாவும் ஒரே ஷிஃப்ட். பாறைத்தூசி நெஞ்சில் தங்கி, சிலிகோசிஸில் இருமி இருமியே போனவர் அவர். பையனுடைய டென்த் மார்க் ஷீட்டை என் கடையில்தான் ஜெராக்ஸ் எடுத்தார்கள், காசு வேண்டாம் என்றேன். என்னைக் கண்டதும் அவன் முகம் மலர்ந்துவிட்டது. எழுந்து “பெரிப்பா...” என்று ஆரம்பித்தான்.

என் பக்கத்தில் தோழன் நின்றிருந்தான், அழைத்துப் போக வந்திருந்தான். அவனோடு அவன் ஆபீஸ்காரர்கள் இரண்டு பேர், குடும்பத்தோடு, பட்டும் பூவுமாக. “இவன் என் ஃபிரண்டு. பத்திரிகையில எல்லாம் எழுதறான்” என்று அப்போதுதான் என்னை அறிமுகம் செய்திருந்தான். அந்த மரியாதை ஒரு நிமிஷம்கூடப் பழசாகவில்லை. நான் பையனின் முகத்தைப் பார்த்தேன், பார்க்காததுபோல் ரிஜிஸ்டரைப் பார்த்தேன். பேர், போன் நம்பர், போகும் வீடு, எங்கிருந்து வருகிறீர்கள் என்று கட்டம் போட்டிருந்தது. நாலாவது கட்டத்தில் இந்திராநகர் என்று எழுதினேன்.

இந்திராநகரில் எனக்கு ஒரு நாய்க்குட்டியைக்கூடத் தெரியாது.

பையன் குனிந்து படித்தான். வாயில் பாதியில் நின்ற சொல்லை விழுங்கிக்கொண்டு, “ஓகே சார்” என்றான். ஆயுசில் பாதியை ரிஜிஸ்டர் எழுதிக் கழித்த நான், தெரிந்தே எழுதிய பொய் வரி அதுதான். ஏன் எழுதினேன் என்று அன்றைக்கே எனக்குத் தெரியும், இப்போது யோசித்துக் கண்டுபிடித்தது அல்ல. அந்தப் பெரிய கட்டடத்தில் தங்கவயல்காரன் என்றால் தோழனுக்கு அடுத்து வாசலில் நிற்கிற அவன்தான். அவன் என்னை உறவு சொல்லிக் கூப்பிட்டால், பட்டுப்புடவைகள் முன்னால் நான் மாடியைச் சேர்ந்தவனா கேட்டைச் சேர்ந்தவனா என்ற கேள்வி வந்துவிடும். விடை எனக்குத் தெரிந்திருந்ததால்தான் கேள்வியை வரவிடவில்லை.

இதில் வேடிக்கை, மாடிக்குப் போனதும் நான் தங்கவயல்காரனாகிவிட்டேன். தோழனே பெருமையாக, “நாங்க ரெண்டு பேரும் கேஜிஎஃப்” என்று சொல்லிவிட்டான். உடனே குழந்தைகள் சூழ்ந்துகொண்டன. “அங்கிள், ராக்கி பாய் ஊரா?” 2018இலும் 2022இலும் வந்த அந்த யஷ் படங்கள்தான் வெளியூரில் எங்களுக்குக் கிடைத்திருக்கிற அடையாள அட்டை. படம் வந்த சமயத்தில் நான் ஊரில் பேசாத பேச்சில்லை. எங்கள் சைனைட் மேட்டில் செட் போட்டு எடுத்துவிட்டு, எங்கள் கதையை எடுக்கவில்லையே என்று. வட ஆற்காட்டிலிருந்தும் சித்தூரிலிருந்தும் வந்து பாறையைக் குடைந்த தமிழ்ச் சனம் எங்கே, சங்கம் கட்டிப் போராடியவர்கள் எங்கே, மாரிக்குப்பத்தில் அயோத்திதாசர் வழியில் பௌத்த சங்கம் நடத்திய தொழிலாளிகள் எங்கே என்று. அன்றைக்கு அந்தக் குழந்தைகளிடம் இதில் ஒரு வார்த்தை சொன்னேனா? இல்லை. ராக்கி பாய் மாதிரி ஒருத்தர் உண்மையிலேயே இருந்தார், எங்க நைனாவுக்குப் பழக்கம் என்று அளந்தேன். தங்கக் கட்டியைக் கையில் தூக்கியிருக்கிறீர்களா என்று கேட்டார்கள். தூக்கியிருக்கிறேன் என்றேன். நைனா முப்பது வருடம் கீழே போனார். எங்கள் வீட்டில் குந்துமணித் தங்கம் என்றால் அது அம்மாவின் மூக்குத்திதான், அதுவும் பாதி நாள் அடகுக் கடையில்.

உள்ளே தங்கவயல்காரனாக இருக்க எனக்குக் கூச்சமில்லை. வாசலில்தான் கூச்சம்.

அடுத்த நாட்களில் தனியாக ஊர் சுற்றினேன். இனி சொல்லப்போவதை நான் ஊரில் யாரிடமும் சொன்னதில்லை. பெங்களூர் எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது.

ஒயிட்ஃபீல்டிலிருந்து மெட்ரோ பிடித்தால் எம்.ஜி. ரோடு. அதுவரை மெட்ரோவில் ஏறியதில்லை. கண்ணாடிக்கு வெளியே கே.ஆர். புரத்துத் தொங்கு பாலம் விலகிப் போவதைச் சின்னப் பையன்போல நின்று பார்த்தேன். கப்பன் பார்க்கில் மூங்கில் புதருக்குப் பக்கத்தில் ஒரு பெஞ்சில் மத்தியானம் முழுக்க உட்கார்ந்திருந்தேன். ஏன் சும்மா உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று ஒருவரும் கேட்கவில்லை. பார்க்குக்குள்ளேயே இருக்கிற சிவப்புக் கட்டட நூலகத்தில் மின்விசிறிக்குக் கீழே தூங்கினேன். சர்ச் ஸ்ட்ரீட்டில் பழைய புத்தகக் கடைகளில் நின்றே படித்தேன். சிவாஜிநகர் ரசல் மார்க்கெட்டில் நடக்கிற கூச்சலில் பாதி தமிழ். கறிக்கடைக்காரர் தமிழில் விலை சொல்லி, உருதில் ஆளை அதட்டி, கன்னடத்தில் போலீஸ்காரருக்கு வணக்கம் வைத்தார். அல்சூர் ஏரிக்கரையில் திருவள்ளுவர் சிலையைப் பார்த்தேன். 18 வருடம் துணி சுற்றி மூடிக் கிடந்து, 2009 ஆகஸ்டில் திறக்கப்பட்ட சிலை. அதன் முன்னால் இரண்டு கன்னடப் பையன்கள் செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்தார்கள். ஊரில் நான் அந்த மூடிய 18 வருடத்தைத்தான் சொல்வேன், இந்தப் பையன்களைச் சொல்லமாட்டேன்.

எல்லாவற்றையும்விடப் பிடித்தது ஒன்று உண்டு. அங்கே யாரும் என்னை “எந்த லைனு?” என்று கேட்கவில்லை. தங்கவயலில் புது ஆளைப் பார்த்தால் முதல் கேள்வி அதுதான். கேட்பவருக்கு விலாசம் தெரிந்துகொள்ள ஆசை என்று நினைத்தால் நீங்கள் வெளியூர். லைன் தெரிந்தால் தாத்தா என்ன வேலை பார்த்தார் என்று தெரியும், அது தெரிந்தால் சாதி தெரியும். இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லியே வளர்ந்தவனுக்கு, அது இல்லாத ஒரு நாள் எப்படி இருக்கும் என்பதை எழுத்தில் கொண்டுவர முடியவில்லை. பெங்களூரில் வீடு வாடகைக்குக் கேட்டுப் பாருங்கள், அப்போது கேட்பார்கள் என்று தோழன் சொன்னான். இருக்கலாம். நான் வாடகைக்குக் கேட்கவில்லை.

லாவெல் ரோட்டில் நடந்தபோது மட்டும் கொஞ்சம் வயிறு எரிந்தது. 1873இல் எங்கள் மண்ணைத் தோண்ட அனுமதி கேட்ட அயர்லாந்துக்காரர் லாவெல் பேரில் உள்ள தெரு அது. இரண்டு பக்கமும் மரம், ஓட்டல், வெளிநாட்டுக் கார். எங்கள் ஊரில் ராபர்ட்சன் பேரில் ஒரு பேட்டை, ஆண்டர்சன் பேரில் ஒரு பேட்டை. பேரெல்லாம் ஒரே மாதிரிதான், சாக்கடை மட்டும் எங்களுக்குத் திறந்திருக்கும். சிவசமுத்திரத்தில் தயாரான மின்சாரம் 1902இல் தங்கவயலுக்குத்தான் முதலில் வந்தது, பெங்களூர்த் தெருவில் விளக்கு எரிய 1905 ஆயிற்று என்று நான் மேடைகளில் முழங்குவதுண்டு. சுரங்கத்துக்கும் துரைமார் பங்களாவுக்கும் வந்த அந்தக் கரண்ட், தாத்தா இருந்த தட்டிக் குடிசைக்கு வரவில்லை என்பதை முழங்கியதில்லை.

கிளம்பிய அன்று காலை கேட்டில் அதே பையன். என் பையை வாங்கி ஆட்டோவில் வைத்தான். விறைப்பாக ஒரு சல்யூட் அடித்தான், மாடிக்காரர்களுக்கு அடிப்பதுபோலவே. நான் கேட்டு வாங்கியதுதானே. தலையை ஆட்டிவிட்டு உட்கார்ந்துகொண்டேன். பாக்கெட்டில் கைவிட்டு ஐம்பது ரூபாய் எடுக்கப் பார்த்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். நல்லவேளை ஆட்டோ நகர்ந்துவிட்டது.

ஊருக்கு வந்தேன். பங்காருப்பேட்டையில் இறங்கி, தெளிந்த நீர்போல் இருக்கும் அந்த ஊர்ப் பானிபூரியைச் சாப்பிட்டுவிட்டு, வீடு வந்து சேர்வதற்குள் பட்டியல் தயாராகிவிட்டது. அந்த மார்ச்சில் பெங்களூரில் போர்வெல் எல்லாம் வற்றி, டேங்கர் லாரிக்கு அடிதடி. எனக்கு அது போதுமானதாக இருந்தது. “குளிக்கத் தண்ணி இல்லாத ஊரு அது. மனுசன் இருப்பானா?” என்றேன். எங்கள் லைனில் குழாயில் தண்ணீர் தினமும் வந்து நான் பார்த்ததில்லை, வருகிற நாளில் குடத்தோடு நிற்பது என் மனைவி. டிராஃபிக், விலைவாசி, முகம் பார்த்துப் பேசாத ஜனம் என்று அடுக்கினேன். முகம் பார்த்துப் பேசாத ஜனத்தைப் பற்றி நான் பேசியதுதான் உச்சம்.

அந்த மே மாதத்தில் என் தங்கச்சி மகள் பி.காம் முடித்தாள். ஒயிட்ஃபீல்டு பக்கம் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் வேலை கிடைத்தது. கையில் இருபத்தி இரண்டாயிரம். தங்கச்சி வீட்டில் எல்லாவற்றுக்கும் என்னைத்தான் கேட்பார்கள். மாப்பிள்ளை இறந்த பிறகு அது ஒரு வழக்கம். அவள் ஆர்டரைக் கொண்டுவந்து என் மேஜைமேல் வைத்து, “மாமா, நீங்க இப்பதானே போய்ட்டு வந்தீங்க? எப்படி இருக்கு? சீசன் டிக்கெட் எடுத்துப் போய்ட்டு வந்துடலாமா, இல்ல ஹாஸ்டல் பாக்கணுமா?” என்று கேட்டாள்.

நான் கப்பன் பார்க்கைச் சொல்லியிருக்க வேண்டும். இரவு பத்து மணிக்கு மெட்ரோவில் தனியாக உட்கார்ந்து புத்தகம் படித்துக்கொண்டு போன பெண்களைச் சொல்லியிருக்க வேண்டும். எந்த லைன் என்று கேட்காத ஊர் ஒன்று ரயில் தூரத்தில் இருக்கிறது என்று சொல்லியிருக்க வேண்டும். டேங்கர் லாரியைச் சொன்னேன். “அங்க போய் என்னம்மா ஆகப் போற? நம்ம லைன் பையன் ஒருத்தன் இப்படித்தான் போனான், கேட்டுல நிக்கிறான்” என்றும் சொன்னேன். தெரிந்தவன் என்று காட்டிக்கொள்ள வெட்கப்பட்ட அதே பையனை, இங்கே உதாரணத்துக்கு இழுத்துக்கொண்டேன். அவன் சம்பளத்தில்தான் அவன் தங்கை நர்சிங் படிக்கிறாள். அதுவும் எனக்குத் தெரியும்.

தங்கச்சி யோசித்தாள். அண்ணன் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்றாள். சேர வேண்டிய தேதி தாண்டிப்போயிற்று. அவள் மகள் ஏன் போகக்கூடாது என்று நான் நினைத்தேன்? தண்ணீருக்காகவும் இல்லை, பாதுகாப்புக்காகவும் இல்லை. 2001இல் என்னால் முடியாததை இருபத்தோரு வயதுப் பெண் ஒரு சீசன் டிக்கெட்டில் முடித்துவிட்டால், இருபத்து மூன்று வருடமாக நான் ஊர்ப்பற்று என்று சொல்லிவந்தது என்ன? இவ்வளவு அற்பமான காரணம்தான். இதைவிடப் பெரிதாக ஏதாவது இருந்திருந்தால் எழுதவாவது கௌரவமாக இருந்திருக்கும்.

பையனை அதற்கப்புறம் சாம்பியன் ஸ்டேஷனில் இரண்டொரு முறை பார்த்தேன். அடுத்த பெட்டியில் ஏறிக்கொண்டேன். இன்றுவரை போய்ப் பேசவில்லை. அவன் அம்மா தெருவில் பார்த்தால் எப்போதும்போல “சாப்டீங்களாண்ணா” என்கிறார். ஆகையால் அவன் வீட்டில் சொல்லவில்லை என்று தெரிகிறது.

தங்கச்சி மகள் ஒரு வருடம் ராபர்ட்சன்பேட்டையில் ஜவுளிக்கடையில் பில் போட்டாள். போன வருடம் தானே தேடி, மகாதேவபுரா பக்கம் வேறொரு கம்பெனியில் சேர்ந்துவிட்டாள். இந்த முறை என்னிடம் யாரும் கேட்கவில்லை. சேர்ந்து ஒரு வாரம் கழித்துத் தங்கச்சி வந்து சொன்னாள். மகள் விடியற்காலை ரயிலில் போகிறாள், இருட்டித் திரும்புகிறாள், ஞாயிற்றுக்கிழமை தோழிகளோடு சுற்றப் போவதும் பெங்களூருக்குத்தான். சம்பளம் கையில் பதினெட்டாயிரம். நான் கெடுத்த வேலையைவிட நாலாயிரம் குறைவு. மாதா மாதம் குறைகிற அந்த நாலாயிரம் என் பேரில் எழுத வேண்டிய பற்று.